கதீட்ரல் என்ற சொல் எங்கிருந்து வந்தது? பேராலயம் என்றாலே கதீட்ரல்தானா?

கரையோரக் காகம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போய்விட்டு வந்தோம். வந்த கையோடு படங்களை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ‘வேளாங்கண்ணி கதீட்ரல் முன்னால் நாங்கள்’ என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். எங்கள் அத்தான், திருச்சிக்காரர், சின்ன வயதில் பூசையில் குருவுக்கு உதவும் பீடச்சிறுவனாக இருந்தவர், ‘அது கதீட்ரல் இல்லை, பசிலிக்கா’ என்று உடனே திருத்தினார். இரண்டும் பெரிய கோயில்தானே அத்தான், தமிழில் இரண்டையும் பேராலயம் என்றுதானே எழுதுகிறார்கள் என்று கேட்டேன். ‘பெரிசு சின்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை’ என்றவர் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டார், விளக்கம் இன்னும் வரவில்லை.

இதற்கு நடுவில் சித்தப்பா ஒரு பார்வர்டு போட்டார். கதீட்ரல் தமிழ்ச்சொல்லாம், கதி + திரள், அதாவது கதி தேடி மக்கள் திரளும் இடமாம், கடைசியில் ‘தமிழன் என்றால் பகிரவும்’. எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் ஒன்றும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சொல்தேடி

கதி திரளை முதலில் குழுவை விட்டு வெளியேற்றுங்கள். சித்தப்பா இருக்கட்டும்.

அத்தான் சொன்னது முழுக்கச் சரி. கோயிலுக்குள் ஒரு நாற்காலி இருக்கிறது, அதனால் வந்த பெயர் அது. கிரேக்கத்தில் கதெட்ரா. ‘கதா’ என்றால் கீழே, ‘ஹெட்ரா’ என்றால் இருக்கை. லத்தீன்காரர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ரோமாபுரியில் அது ராஜநாற்காலி ஒன்றும் இல்லை. முதுகுப்பக்கம் சாய்வாக, கைப்பிடி இல்லாமல், பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் சாய்ந்து உட்காரும் நாற்காலி. வாத்தியார்களும் அதில் உட்கார்ந்துதான் பாடம் நடத்தினார்கள். அந்தக் காலத்தில் வாத்தியார் உட்கார்ந்துதான் சொல்லிக்கொடுப்பார், அது இங்கே முக்கியம். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில்கூட இயேசு மலைமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பேச ஆரம்பிக்கிறார்.

ஆக, போதிக்கிறவரின் நாற்காலி. ஒரு வட்டாரத்துக் கிறிஸ்தவர்களுக்குப் போதிக்கும் பொறுப்பு ஆயருக்கு, அதாவது பிஷப்புக்கு, அதனால் அவர் நாற்காலி எந்தக் கோயிலில் கிடக்கிறதோ அது ‘எக்லேசியா கதெட்ராலிஸ்’, நாற்காலியுடைய கோயில். ஆங்கிலத்திலும் முதலில் இது அடைமொழிதான், ‘கதீட்ரல் சர்ச்’ என்று முழுசாகச் சொல்வார்கள். அப்புறம் நம் ஊரில் செல்போனில் போன் உதிர்ந்து செல் மட்டும் நின்ற மாதிரி, சர்ச் உதிர்ந்து கதீட்ரல் நின்றது.

பைபிள் படிக்கிறவர்கள் பழைய மொழிபெயர்ப்பை எடுத்துப் பாருங்கள். மத்தேயு 23-இல் வேதபாரகரும் பரிசேயரும் ‘மோசேயினுடைய ஆசனத்தில்’ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரும். கிரேக்க மூலத்தில் அந்த ஆசனம், கதெட்ரா. எனக்குப் பிடித்தது அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால், 21:12. கோயிலுக்குள் புறா விற்கிறவர்களின் ஆசனங்களை இயேசு கவிழ்த்துப் போடுகிறாரே, அந்த ஆசனங்களுக்கும் கிரேக்கத்தில் அதே சொல்தான். புறா வியாபாரியின் ஸ்டூலும் மோசேயின் பீடமும் ஒரே பெயரில், ஒரே புத்தகத்தில். சொல்லுக்குள் பிறவிப் பெருமை எதுவும் கிடையாது, உட்கார்ந்த ஆளால் வந்ததுதான் எல்லாம்.

பசிலிக்கா வேறு கதை. பசிலியுஸ் என்றால் கிரேக்கத்தில் அரசன், பசிலிக்கா என்றால் அரச மண்டபம். நம் கோ + இல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமில் வழக்கு விசாரிக்கவும் வியாபாரம் பேசவும் இருந்த நீளமான பொது மண்டபம் அது. கிறிஸ்தவர்கள் பெரிதாகக் கட்டத் தொடங்கியபோது அந்த அமைப்பையே எடுத்தார்கள். மண்டபத்தின் கடைக்கோடியில் அரைவட்டமாக ஒரு இடம், அங்கே நீதிபதி உட்காருவார். கோயிலில் அதே இடத்தில் ஆயரின் நாற்காலி, இரண்டு பக்கமும் குருக்களுக்கு வளைவாக பெஞ்சு. இன்றைக்கு கத்தோலிக்க வழக்கத்தில் பசிலிக்கா என்பது போப்பாண்டவர் ஒரு கோயிலுக்குக் கொடுக்கும் பட்டம். வேளாங்கண்ணிக்கு 1962-இல் கிடைத்தது. ஆனால் வேளாங்கண்ணி இருப்பது தஞ்சாவூர் மறைமாவட்டத்தில், அதாவது தஞ்சாவூர் ஆயரின் வட்டாரத்தில், ஆயரின் நாற்காலி தஞ்சாவூரில், அங்கேயுள்ள திரு இருதயப் பேராலயத்தில். லட்சம் பேர் கூடினாலும் வேளாங்கண்ணி கதீட்ரல் ஆகாது. சென்னை சாந்தோம் இரண்டும்: உயர் மறைமாவட்டத்தின் கதீட்ரல், 1956 முதல் பசிலிக்கா.

அத்தானை மடக்க ஒரு கேள்வி தருகிறேன். போப்பாண்டவரின் கதீட்ரல் எது என்று கேளுங்கள். புனித பேதுரு பசிலிக்கா என்றால் தப்பு. ரோம் நகர ஆயர் என்ற முறையில் அவருடைய நாற்காலி இருப்பது லாத்தரன் யோவான் பசிலிக்காவில்.

முத்துநகர்வாசி

சொல்தேடி அண்ணன் சொன்னதற்கு எங்கள் ஊரே சாட்சி. தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில்தான் பெரிய கோயில், தங்கத்தேர் ஓடுவதெல்லாம் அங்கேதான், 1982-இல் பசிலிக்கா ஆனது. கொஞ்சம் தள்ளி திரு இருதயப் பேராலயம், ஊரில் அதற்குச் சின்னக்கோயில் என்று பெயர். 1923-இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டம் ஆனது, இப்போது கதீட்ரல் சின்னக்கோயில். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

திருச்சி அத்தானுக்கும் இது தெரிந்திருக்கும். தெப்பக்குளம் பக்கத்தில் கோபுரத்தோடு நிற்கும் லூர்து அன்னை கோயிலை எல்லோரும் கதீட்ரல் என்று நினைப்பார்கள், கதீட்ரல் மேலப்புதூரில் மரியன்னை பேராலயம்.

ஊசிக்கோபுர நிழல்

சிஎஸ்ஐ, அதாவது தென்னிந்தியத் திருச்சபை பக்கமிருந்து ஒன்று. சென்னை கதீட்ரல் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலால். அந்தக் கட்டடம் 1815-இல் கட்டியபோது வெறும் தேவாலயம். 1835-இல் சென்னைக்கென்று தனி ஆயர் வந்த பிறகுதான் கதீட்ரல் ஆனது. அதற்காக ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வைக்க வேண்டியதில்லை, நாற்காலி போட்டால் போதும். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கியதும் அங்கேதான்.

குழப்பம் தமிழில்தான் அதிகம். கத்தோலிக்கர்களுக்கு பிஷப் ஆயர், ஆர்ச்பிஷப் பேராயர். எங்களுக்கு பிஷப்பே பேராயர். அவர்கள் மறைமாவட்டம் என்பதை நாங்கள் திருமண்டலம் என்போம். இதில் பேராலயத்தையும் சேர்த்துக்கொண்டால், பேராயர் உள்ள ஆலயம் பேராலயம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பேராலயம் என்ற சொல்லில் நாற்காலி எங்கே? ‘பெரிய ஆலயம்’ என்றுதானே காதில் விழுகிறது? கரையோரக் காகம் குழம்பியதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், மொழிபெயர்ப்பைத்தான் சொல்வேன்.

ராகு காலம்

சம்ஸ்கிருத ‘ஆசனம்’தான் கிரேக்கத்துக்குப் போய் கதெட்ரா ஆகியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே வேர் என்று எங்கேயோ படித்தேன்.

சொல்தேடி

@ராகு காலம் கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிட்டீர்கள். ஆசனம் ‘ஆஸ்’ என்ற வேரிலிருந்து வருவது, அது தனி. ஹெட்ராவுக்குச் சொந்தம் ‘ஸத்’ என்ற வேர். இந்த ஸத், கிரேக்கத்தின் ஹெட், லத்தீனின் ஸெத், ஆங்கிலத்தின் சிட் எல்லாம் ஒரே இந்தோ ஐரோப்பியக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒன்று இன்னொன்றுக்குப் ‘போய்’ ஆகவில்லை, எல்லோருக்கும் பாட்டி ஒருத்தி. அந்த ஸத் நமக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது: உபநிடதம். உப, நி, ஸத். அருகில், கீழே, உட்காருதல். கதா + ஹெட்ராவிலும் ‘கீழே உட்காருதல்’ அப்படியே இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றில் சீடன் உட்காருகிறான், இன்னொன்றில் ஆசான் உட்காருகிறார்.

ஊசிக்கோபுர நிழல் கேட்டது நியாயமான கேள்வி, அதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். பழைய கத்தோலிக்கத் தமிழில் ஆயருக்கு மேற்றிராணியார் என்றும் மறைமாவட்டத்துக்கு மேற்றிராசனம் என்றும் பெயர். அதற்குள் ஆசனம் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு மறைமாவட்டம் என்று கலெக்டர் ஆபீஸ் வாடையோடு ஒரு சொல்லைக் கொண்டுவந்தோம். பேதுருவின் பெயரில் பிப்ரவரி 22-இல் வரும் திருவிழாவுக்கு மட்டும் ‘தலைமைப்பீடம்’ என்று நாற்காலி பிழைத்திருக்கிறது. வத்திக்கானைத் திருப்பீடம் என்பதும் அதே கணக்கு.

போப்பாண்டவர் ‘எக்ஸ் கதெட்ரா’ பேசினார் என்பார்களே, அதுவும் இந்த நாற்காலியிலிருந்துதான். அப்படிப் பேசினால் தவறாது என்று 1870-இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது. அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தை வெளிப்படையாகப் பயன்படுத்தியது 1950-இல், மாதாவின் விண்ணேற்பை விசுவாசக் கோட்பாடாக அறிவித்தபோது. வீட்டில் அத்தான் பேசுவது எல்லாம் எக்ஸ் கதெட்ரா என்றுதான் அக்காமார் சொல்வார்கள், அது வேறு.

சாய்மனை

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி. இவ்வளவு நேரமும் எல்லாரும் நாற்காலி நாற்காலி என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டில் அது நாற்காலியே இல்லை. கதிரை.

ஆம், அதே கதெட்ராதான். லத்தீன் கதெட்ரா போர்த்துக்கீச மொழியில் தேய்ந்து ‘கதெய்ரா’ ஆனது, இன்றும் அவர்களுக்குச் சாதாரண நாற்காலி என்றால் அதுதான். இலங்கைக்கு அவர்கள் 1505-இல் வந்தார்கள், 1619-இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள், போகும்போது கதிரையை விட்டுவிட்டுப் போனார்கள். அலுமாரி, சாவி, ஜன்னல், பாதிரி எல்லாம் அதே கப்பலில் வந்தவை, அவை இந்தியத் தமிழுக்கும் வந்தன, கதிரை மட்டும் எங்களோடு நின்றுவிட்டது. வங்காளிகளும் கதிரையைக் ‘கேதாரா’ என்பார்கள், அதுவும் இதே போர்த்துக்கீசச் சொல். மற்றப் பக்கம், பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்துக்குப் போனதுதான் ‘சேர்’. ஆக, சேர், கதிரை, கதீட்ரல் மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒருத்தி அலுவலகத்தில், ஒருத்தி எங்கள் விறாந்தையில், ஒருத்தி கன்னிமாடத்தில் சேர்ந்த மாதிரி.

சின்ன வயதில் நான் கதிரைவேலன் என்ற பெயரைக் கேட்டு, முருகன் கதிரையில் இருக்கிறார் போல என்று நினைத்திருந்தேன். அது கதிர்காமம், கதிரைமலை. இந்தக் கதிரைக்கும் அந்தக் கதிரைக்கும் ஒரு தொடர்பும் இல்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், நாளைக்கே இன்னொரு பார்வர்டு வரும்.

இன்னொன்று. எங்கள் பல்கலைக்கழகங்களில் கலைப்பீடம், மருத்துவபீடம் என்போம், அதன் தலைவர் பீடாதிபதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு நண்பர் ‘பீடாதிபதி’ என்றதும் ஏதோ மடாதிபதி என்று நினைத்துக் கைகூப்பிவிட்டார். ஆனால் ஸ்பானியர்கள் பேராசிரியரை ‘கதெத்ராதிக்கோ’ என்கிறார்கள், அதாவது கதிரைக்காரர். ஹார்வர்டில் ‘தமிழ் இருக்கை’ என்று காசு சேர்த்தீர்களே, அதுவும் கதிரைதான். வாத்தியார் உட்கார்ந்த கதிரை கோயிலுக்குள் போனாலும் பள்ளிக்கூடத்தை விடவில்லை.

கரையோரக் காகம்

சாய்மனை அக்கா, கதிரை என்ற சொல்லை ஈழத்துக் கதைகளில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இந்த எண்ணம் ஒரு நாளும் வந்ததில்லை. சித்தப்பாவுக்கு இப்போது சொல்ல ஒன்று கிடைத்துவிட்டது: கதீட்ரல் தமிழ்ச்சொல் இல்லை, ஆனால் அதன் தங்கை தமிழ் வீட்டில் வாழ்கிறாள் என்று.

இன்னொரு சந்தேகம். நாற்காலியை எடுத்துவிட்டால் பெயரும் போய்விடுமா?

பனிமூட்டம்

சட்டப்படி போகவேண்டும், ஊர் வாயிலிருந்து போகாது. நான் வேலை விஷயமாக எடின்பரோவில் இருக்கிறேன், இங்கே செயின்ட் ஜைல்ஸ் கதீட்ரல் என்று நகரத்தின் நடுவில் ஒன்று இருக்கிறது. அதில் ஆயரே கிடையாது. ஸ்காட்லாந்துத் திருச்சபை பிரெஸ்பிட்டேரியன், அவர்களுக்கு ஆயர் என்ற பதவியே ஆகாது. முதலாம் சார்லஸ் மன்னர் 1633-இல் வலுக்கட்டாயமாக ஓர் ஆயரை வைத்து இதைக் கதீட்ரல் ஆக்கினார். 1637 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை, மன்னர் அனுப்பிய புதிய ஜெபப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியதும் கோயிலுக்குள்ளேயே கலவரம். ஜென்னி கெடிஸ் என்ற சந்தைக்காரப் பெண் தான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தூக்கி வாசித்தவர் தலையைப் பார்த்து எறிந்தாள் என்பது ஊர்க்கதை. அவள் எறிந்தாளோ வேறு யார் எறிந்தார்களோ, கலவரம் நடந்தது உண்மை, அதிலிருந்து கிளம்பிய நெருப்புதான் மன்னரை யுத்தம் வரை இழுத்துக்கொண்டு போனது. ஆயர்கள் போனார்கள், திரும்ப வந்தார்கள், 1689-க்குப் பிறகு ஒரேயடியாகப் போனார்கள். பெயர் மட்டும் கதீட்ரல் என்றே நின்றுவிட்டது.

உள்ளே போனால் வெண்கலத்தில் ஒரு முக்காலிச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஆயரின் நாற்காலி இல்லை, எறிந்த முக்காலி இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இந்தச் சொல்லின் பொருள் தெரியாது. இந்தத் திரியைப் படித்த பிறகு சனிக்கிழமை மறுபடியும் போய்ப் பார்க்கப் போகிறேன்.

முத்துநகர்வாசி

இதற்கு நேர் எதிராக அமெரிக்காவில் ஒன்று நடந்தது. கலிபோர்னியாவில் டிவி பிரசங்கியார் ஒருவர் முழுக்கக் கண்ணாடியில் கோயில் கட்டி ‘கிரிஸ்டல் கதீட்ரல்’ என்று பெயர் வைத்தார். 1980-இல் திறந்தது. ஆயரும் கிடையாது, நாற்காலியும் கிடையாது, பிரமாண்டமாக இருந்ததால் கதீட்ரல். கடைசியில் கடனில் மூழ்கி திவால் ஆனார்கள், ஆரஞ்சு மறைமாவட்டம் அதை விலைக்கு வாங்கி, உள்ளே வேலைகள் செய்து, 2019-இல் கிறைஸ்ட் கதீட்ரல் என்று திறந்தது. பெயர் வைத்துக் கிட்டத்தட்ட 40 வருஷம் கழித்து நாற்காலி வந்து சேர்ந்தது.

ஊசிக்கோபுர நிழல்

ஜெர்மனியில் இந்த நாற்காலிச் சொல் பொதுப்பேச்சில் அவ்வளவு புழங்காது. அங்கே டோம். லத்தீன் டோமுஸ், வீடு. இத்தாலிக்காரர்களின் துவோமோவும் அதுவே. உல்ம் நகரத்தில் 161 மீட்டருக்கு மேல் கோபுரத்தோடு ஒன்று நிற்கிறது, நீண்ட காலம் உலகத்திலேயே உயரமான தேவாலயம் அதுதான், ஆனால் அங்கே எந்த ஆயரும் நாற்காலி போட்டது கிடையாது. அதை டோம் என்பதில்லை, மூன்ஸ்டர் என்பார்கள், அது பெரிய கோயிலுக்கு அங்கே வழங்கும் இன்னொரு பெயர். கோவாவில் போர்த்துக்கீசியர் கதீட்ரலை ‘ஸே’ என்றார்கள், அதுவும் இருக்கைதான், லத்தீன் ஸெதெஸ் தேய்ந்தது. சொல்தேடி சொன்ன அந்த ஸத் பாட்டியின் இன்னொரு பேத்தி.

கரையோரக் காகம்

நன்றி எல்லோருக்கும். லாத்தரன் கேள்வியை அத்தானிடம் கேட்டேன். ‘யோவான் பசிலிக்கா’ என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டார், மடக்க முடியவில்லை. சாந்தோம் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். உள்ளே அந்த நாற்காலியை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

சொல்தேடி

எந்தக் கதீட்ரலிலும் பலிபீடம் இருக்கும் பகுதியில் தேடுங்கள். நடுவிலோ ஓரமாகவோ, ஒன்றிரண்டு படி உயரத்தில், மற்ற இருக்கைகளைவிடத் தனியாகத் தெரியும். பெரும்பாலும் அதன் மேலோ பின்னாலோ ஆயரின் இலச்சினை இருக்கும். ஆடம்பரமாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் எக்ஸிட்டரில் ஓக் மரத்தில் கிட்டத்தட்ட 18 மீட்டர் உயரத்துக்கு இழைத்து வைத்திருக்கிறார்கள், சில ஊர்களில் நம் வரவேற்பறை சோபாவைவிடக் கொஞ்சம் நல்ல நாற்காலி, அவ்வளவுதான். சாதாரணப் பூசை நாளில் அது காலியாகத்தான் கிடக்கும், பங்குக் குருவுக்கு வேறு இருக்கை உண்டு. ஆயரைத் தவிர யாரும் அதில் உட்காருவதில்லை.

சாய்மனை

உட்காருவதில்லை என்பது சரி. எங்கள் ஊர்க் கோயிலில் கதெட்ரா ஏது, சின்னப் பங்கு. உறுதிபூசுதல் சடங்குக்கு ஆயர் வரும்போதெல்லாம் எங்கள் அப்பப்பாவின் பெரிய கதிரையைத்தான் இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள், தேக்கு, கைப்பிடி வைத்தது, வெள்ளைத்துணி விரித்து பீடத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள். முதல் நாள் பின்னேரம் தூக்கிக்கொண்டு போனால் அடுத்த நாள் மத்தியானம்தான் திரும்பி வரும். அதுவரைக்கும் அப்பப்பா விறாந்தையில் நின்றுகொண்டே பேப்பர் வாசிப்பார், வேறு கதிரை ஐந்தாறு இருந்தாலும் அவற்றில் இருக்க மாட்டார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்ப்பார்.